அறுநூற்றைந்து கிலோமீட்டர் வானம், ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சாலை

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, மாலத்தீவின் ஒரு சின்னத் தீவிலிருந்து கிளம்பும் ஸ்பீடு போட்டில் ஏறி உட்கார்ந்தபோது, என் மடியில் ஒரு கைப்பை, அதற்குள் ஒரு பட்டுப்புடவை, முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்தில் இருந்த மீன்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும், நான் என் அம்மாவின் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று?

இந்தத் தீவுப் பள்ளியில் நானும் என் கணவரும் ஆசிரியர்கள். நான் கணக்கு, அவர் அறிவியல். இருவருக்கும் சேர்த்து விடுப்பு கிடைக்காததால் நான் மட்டும் கிளம்பினேன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை. எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. திருவனந்தபுரம்தான் எங்களுக்கு வாசல். ஒருநாள் சும்மா இருந்தபோது கணினியில் அந்த வாசலிலிருந்து அளந்து பார்த்தேன். ஆகாய மார்க்கமாகத் திருவனந்தபுரத்துக்கும் மாலேக்கும் ஏறக்குறைய அறுநூற்றைந்து கிலோமீட்டர். திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய அறுநூற்றுப் பதின்மூன்று. நம்ப முடிகிறதா? எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொந்த மாநிலத்தின் தலைநகரைவிட இன்னொரு நாட்டின் தலைநகர் எட்டுக் கிலோமீட்டர் பக்கம்! எட்டுக் கிலோமீட்டர் என்பது கிட்டத்தட்ட தக்கலையிலிருந்து திங்கள்சந்தைக்குப் போகிற தூரம்தான். ஆனாலும் சென்னையில் இருக்கும் என் அண்ணன் 'ஊருக்குப் பக்கத்தில்' இருப்பதாகவும், நான் 'கடல் கடந்து' போய்விட்டதாகவும் எல்லோரும் பேசுகிறார்கள்.

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் அம்மா.

அம்மா பெயர் வசந்தா, வயது ஐம்பத்தெட்டு. தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. போன வருடம் கடைக்கு மரியதாஸ் என்று ஒருவர் வந்தார். மணவாளக்குறிச்சியில் மணல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. தினமும் கடற்கரையில் நடக்க ஆரம்பித்து உடம்பு இளைத்ததால், பேண்டின் இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி வந்தார். அடுத்த வாரம் இன்னொரு பேண்ட். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. பிறகு, ஏற்கெனவே பிடித்த பேண்டையே இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். "இதுக்கு மேல பிடிச்சா நீங்க மூச்சு விட முடியாது" என்று அம்மா சொன்னபோது, "அப்போ வேற ஒரு காரணம் சொல்லித் தாருங்க, நான் நாளைக்கும் வரணும்" என்றாராம். அம்மா இதைப் போனில் என்னிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்த வெட்கத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அம்மா அய்யாவழிக்காரர், நிழல்தாங்கலுக்குப் போய்க் கும்பிடுகிறவர். மரியதாஸ் மாதா கோயிலுக்குப் போகிறவர். யாரும் யாருக்காகவும் மாற வேண்டாம் என்று பதிவுத் திருமணம் முடிவாயிற்று. தக்கலைப் பதிவு அலுவலகத்தின் பலகையில் முப்பது நாள் இருவர் பெயரும் தொங்கியது. தக்கலையே வந்து படித்துவிட்டுப் போனது. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். மரியதாஸின் தங்கை ஒருவர், அம்மாவின் கடையில் வேலை செய்யும் செல்வி அக்கா ஒருவர், மூன்றாவது நான்.

அண்ணன்? விஷயம் தெரிந்த அன்று அம்மாவிடம், "ஊர்ல நான் எப்படித் தலை காட்டுவேன்?" என்று கேட்டுப் போனை வைத்தவன்தான். நான்கு மாதமாகப் பேச்சில்லை. அவனுக்கு நான் நிறைய எழுதி, எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, புதன்கிழமை மாலை இவ்வளவுதான் அனுப்பினேன்: "எனக்கு 605. உனக்கு 613. எட்டுக் கிலோமீட்டர்தான் வித்தியாசம். யார் முதல்ல போய்ச் சேருறோம்னு பாப்போமா?" படித்துவிட்டான். பதில் இல்லை.

மாலே விமான நிலையம், காலை.

இதைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? விமான நிலையம் ஒரு தனித் தீவு. நம் ஊரில் விமான நிலைய வாசலில் ஆட்டோக்கள் நிற்பது போல அங்கே படகுகள் நிற்கின்றன. படகிலிருந்து கால் வைத்தால் நடைமேடை, நாலு எட்டு வைத்தால் புறப்பாட்டுக் கூடம். ஓடுபாதையின் ஒரு பக்கம் தண்ணீரிலேயே இறங்கி ஏறும் குட்டி விமானங்கள் தும்பி மாதிரி வரிசையாக நிற்கும். இத்தனை முறை போய் வந்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

மாலே கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு அரை மணி நேரம் பின்னால் ஓடும். குழப்பம் வேண்டாம், இனி எல்லாம் இந்திய நேரத்திலேயே சொல்கிறேன். பத்து மணிக்கு விமானம். ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. பதினொன்றேகாலுக்குத் திருவனந்தபுரம். அங்கிருந்து தக்கலை சாலை வழியே ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பதிவு அலுவலகத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் பிற்பகல் இரண்டரை. குளித்து, புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு போகும் அளவுக்கு நேரம் இருந்தது. காகிதத்தில்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் இன்னும் வந்து சேரவில்லை என்று அறிவித்தார்கள். பத்தரை. பத்தேமுக்கால். கண்ணாடிக்கு வெளியே கடலும் வானமும் ஒரே சாம்பல். கழிப்பறைக்குப் போய்ப் புடவையை அங்கேயே கட்டிக்கொண்டேன். வெளியே வந்தபோது விமானம் வந்து நின்றிருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. பதினொன்றே கால் தாண்டித்தான் அது தரையை விட்டுக் கிளம்பியது.

மழை மேகத்தைக் கிழித்து மேலே வந்ததும் வெயில். கீழே நீலத்துக்கு நடுவே பச்சை வளையல்களைக் கொட்டி வைத்தது போலத் தீவுகள். ஐந்து நிமிடம்தான், அதற்குப் பின் வெறும் கடல்.

பக்கத்து இருக்கையில் தேங்காப்பட்டணத்துக்காரர் ஒருவர். மாலேயில் உள்ள ஓட்டல்களுக்கு நம் ஊர் வாழைக்காயும் முருங்கைக்காயும் அனுப்பும் வியாபாரி. அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், தன்னையும் அப்படியே கூப்பிடலாம் என்றார். மாதம் இரண்டு முறை இந்த வழியில் பறக்கிறாராம்.

"மெட்ராசுக்குப் போகணும்னா நாகர்கோவில்ல ரயில் ஏறி, ஒரு ராத்திரி முழுக்கக் குலுங்கிப் போகணும். இது பாத்தியளா, ஒரு சாயா குடிச்சு, ஒரு தூக்கம் தூங்கினா எத்தியாச்சு" என்றவர், என் பட்டுப்புடவையையும் கையில் இருந்த மருதாணியையும் பார்த்தார். "கல்யாணத்துக்கா டீச்சரே?"

"ஆமா காக்கா."

"பெண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"பெண்ணு வீடு."

"பெண்ணு என்ன செய்யுது?"

"தக்கலையில தையல்கடை வச்சிருக்கு."

"கொள்ளாம். சொந்தத் தொழிலாக்கும் நல்லது. வயசு எத்தற?"

பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து என்றால் கதை முடிந்துவிடும். ஆனால் அன்று காலையிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்துக்கொண்டிருந்தது.

"ஐம்பத்தெட்டு."

காக்காவின் கையில் இருந்த காகிதக் கப் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "பெண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"மக."

அவர் கப்பைக் கீழே வைத்தார். முன் இருக்கையின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிப்பு! "நானும் பெண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேக்கப் போனேன், கேட்டியளா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை நல்ல ஆளா?"

"நல்ல ஆளு காக்கா."

"எத்தற மணிக்குக் கெட்டு?"

"ரெண்டரைக்கு."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு போய் வியாபாரி முகம் வந்தது. "பிளேனு நின்னதும் என் பின்னாலேயே வரணும். பெட்டி உண்டா?"

"இல்ல, இந்தப் பை மட்டும்தான்."

"புத்திசாலி."

திருவனந்தபுரம், பன்னிரண்டரை.

கடலுக்கு மேலேயே இறங்கி வந்து, தென்னந்தோப்புகளும் மீனவர் குடியிருப்புகளும் விமானத்தின் வயிற்றில் உரசுவது போலத் தாழ்ந்து, சக்கரம் தரையைத் தொட்டது. அறுநூற்றைந்து கிலோமீட்டர் முடிந்தது.

குடியேற்றச் சோதனையில் பாம்பு மாதிரி வரிசை. வளைகுடா விமானம் ஒன்றும் அதே நேரத்தில் இறங்கியிருந்தது. காக்கா ஒரு கையால் என் பையைப் பிடித்துக்கொண்டு, மறுகையை உயர்த்தி, பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் முழங்கினார்: "இவங்க பெண்ணு வீட்டு ஆளு! கல்யாண நேரம் ஆயிப்போச்சு! ஒண்ணு வழி விடணே!" எனக்கு முகம் எரிந்தது. ஆனால் வரிசை விலகியது! பெட்டி தள்ளியவர்கள் பெட்டியை ஒதுக்கினார்கள். ஒரு பெண்மணி, "வேகம் போய்க்கோ மோளே" என்று முதுகில் தட்டி அனுப்பினார். காக்கா பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தபோது இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக அண்ணனைக் கூப்பிட்டேன். உள்நாட்டு முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், தனிக் கட்டடம். சென்னை விமானங்கள் அங்கேதான் வரும். ஒருவேளை அங்கே நின்றுகொண்டிருக்கிறானோ என்று ஓர் ஆசை. போன் அணைந்து கிடந்தது.

குழித்துறையைச் சேர்ந்த ஷாஜி என்பவர் காரோடு காத்திருந்தார். தக்கலைக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் என்று முன்பே பேச்சு. மணி ஒன்று.

"எத்தற மணிக்கு டீச்சர் அங்க எத்தணும்?"

"ரெண்டரைக்கு."

"எத்திரலாம். ஒண்ணும் வெப்ராளப்படாதிய."

புதிய புறவழிச் சாலையில் கார் பறந்தது. கோவளம் போகும் வழி, விழிஞ்சம் துறைமுகத்தின் பிரம்மாண்டமான கிரேன்கள், சிவந்த மண் வெட்டுகள், எல்லாம் கண்ணாடியில் வழிந்து போயின. அரைமணியில் மாநில எல்லை. மலையாளப் பலகைகள் தமிழாக மாறின. குழித்துறைப் பாலத்தில் ஆறு செம்மண் கலந்து இரு கரையும் தொட்டு ஓடியது. நான் ஜன்னலை இறக்கி ஈரக்காற்றை வாங்கிக்கொண்டேன். மணி ஒன்று ஐம்பது. தக்கலைக்கு இனிப் பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மார்த்தாண்டம்.

மேம்பாலத்தின் மேல் ஏறி இருநூறு மீட்டர் போயிருப்போம். முன்னால் சிவப்பு விளக்குகள். ஒரு பஸ், அதற்கு முன் ஒரு பால்வண்டி, அதற்கு முன் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். கல் ஏற்றிய லாரி ஒன்று பாலத்தின் நடுவில் அச்சு முறிந்து நிற்கிறது என்று செய்தி வந்தது. பின்னாலும் வண்டிகள் அடைத்துவிட்டன. பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டால் இறங்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. கீழே மார்த்தாண்டம் சந்தை தெரிந்தது. வாழைத்தார்களும் பலாப்பழங்களும் குடைகளும், ஹாரன் சத்தமும்.

அரைமணி நேரம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு கடலைத் தாண்டி வந்தவள், ஒரு பாலத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா போன் செய்தார். "எங்க இருக்கா மக்கா?"

"மார்த்தாண்டம் பாலத்துல மாட்டிக்கிட்டேம்மா. வந்திருவேன்."

"ஆபீசருக்கு நாலரைக்கு நாகர்கோவில்ல மீட்டிங்காம். மூணரைக்குள்ள நடக்கலன்னா இன்னொரு நாள் வாங்கன்னு சொல்லுகாரு."

"இன்னொரு நாள்னா நாளைக்குப் பண்ணிக்கலாம்மா. நான் சனிக்கிழமை வரைக்கும் இருப்பேன்."

அம்மா தாழ்ந்த குரலில், "இன்னைக்கு விட்டா எனக்குப் பிறகு தைரியம் வராது மக்கா. ராத்திரி முழுக்க யோசிச்சுப் பேடிச்சுப் போயிருவேன்" என்றார்.

எனக்கு அம்மாவைத் தெரியும். அது உண்மை.

ஷாஜி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "யாருக்காக்கும் டீச்சர் கல்யாணம்?" சொன்னேன். அவர் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் நின்ற வண்டிக்காரர்களிடம் போய் என்னமோ பேசினார். ஒவ்வொருவராக இரண்டடி, மூன்றடி பின்னால் எடுத்தார்கள். கார், நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கையில், பின்பக்கமாகவே ஊர்ந்து பாலத்தை விட்டு இறங்கியது. "என்ன சொன்னிய?" என்று கேட்டேன். "நெறமாசமா இருக்குன்னு சொன்னேன், தப்பா எடுக்காதிய" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

இனி நேர்வழி இல்லை. ஆற்றூர், திருவட்டாறு, வேர்க்கிளம்பி சுற்றி, அழகியமண்டபத்தில் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். சாலை குறுகலாகி ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்தது. மழைக்காகப் பட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள் இரு பக்கமும். எவ்வளவு அழகான வழி அது! வேறொரு நாளாக இருந்தால் இறங்கி நடந்திருப்பேன். அன்று ஒவ்வொரு வளைவிலும் எதிரே வந்த மினிபஸ்ஸைச் சபித்துக்கொண்டே போனேன்.

திருவட்டாறு தாண்டியதும் மறுபடி அம்மா. குரல் வேறு மாதிரி இருந்தது.

"மக்கா, அண்ணன் வந்திருக்கான்."

எனக்குப் புரியவில்லை. "எங்க?"

"இங்க, ஆபீசுக்கு."

"என்ன சொன்னான்?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல. முகத்தைப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல்ல. அவருகிட்ட தனியாப் பேசணும்னு வெளிய கூட்டிட்டுப் போயிருக்கான்."

"எவ்வளவு நேரமா?"

பதில் வரவில்லை. ரப்பர் தோட்டத்துக்குள் சிக்னல் போய்விட்டது. பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அம்மா எடுக்கவில்லை.

அந்த அரைமணி நேரத்தைப் போல நீளமான பயணத்தை நான் செய்ததில்லை. மரியதாஸிடம் தனியாக என்ன பேசுகிறான்? அண்ணன் கல்யாணத்துக்கு வந்திருக்கிறானா, கல்யாணத்தை நிறுத்த வந்திருக்கிறானா? அந்தச் செய்தியை அனுப்பாமலே இருந்திருக்கலாமோ?

"அண்ணன் என்ன மாதிரி ஆளு?" என்றார் ஷாஜி.

"சத்தம் போடுவான். கை நீட்ட மாட்டான்."

"சத்தம் தானே. போடட்டு" என்று சொல்லி, காரை இன்னும் வேகமாக விட்டார்.

தக்கலை, மூன்றே முக்கால்.

பதிவு அலுவலக வாசலில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அரசு ஜீப் ஒன்று வெளியேறிக்கொண்டிருந்தது. அதற்குள் அதிகாரி இருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன். உள்ளே கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த ஊழியர் நிமிர்ந்து பார்த்து, "மரியதாஸ், வசந்தா கேஸா? அது முடிஞ்சு போச்சே" என்றார்.

முடிஞ்சு போச்சு என்றால்? நடந்து முடிந்ததா, நடக்காமலே முடிந்ததா?

"ஏட்டி, இப்பம்தான் வாறியா?"

பின்னால் அண்ணன். சட்டையெல்லாம் கசங்கி, கண் சிவந்து, கையில் பாதி குடித்த சாயா. அவனுக்குப் பின்னால் வராந்தாவின் கோடியில் அம்மா. தோவாளைப் பிச்சிப்பூ மாலை கழுத்தில். பக்கத்தில் மரியதாஸ், அதே மாதிரி மாலையோடு, எல்லாப் பல்லும் தெரிய.

நான் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். பூவெல்லாம் நசுங்கியது. அம்மா அழுதுகொண்டே, "உனக்காக எவ்வளவோ காத்திருந்தோம் மக்கா, ஆபீசருக்கு நேரமாயிட்டு" என்றார்.

"அப்போ மூணாவது கையெழுத்து?"

அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சாயாவைப் பார்த்தான்.

நடந்தது இதுதான். புதன்கிழமை ராத்திரி அண்ணனை அம்மாவே கூப்பிட்டிருக்கிறார். "உங்கிட்ட அனுமதி கேக்கல்ல மக்கா. வந்தா எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறார். வரமாட்டான் என்று நினைத்ததால் என்னிடம் சொல்லவில்லை. காலையில் அண்ணன் எழுந்து பார்த்தால் திருவனந்தபுரம் விமானத்தில் இடமில்லை. தூத்துக்குடி விமானத்தில் ஒரே ஓர் இருக்கை இருந்தது. இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம், ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். இறங்கி, வாடகைக் காரில் திருநெல்வேலி, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வழியாக நூற்றிருபது கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. நான் திருவனந்தபுரத்தையே வாசல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பின்வாசல் வழியாக வந்து எனக்கு முன்னால் சேர்ந்துவிட்டான்.

வந்தவன், மரியதாஸை வெளியே சாயாக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். அதை மரியதாஸே எனக்குச் சொன்னார்.

"எங்க அப்பா போட்டோவை என்ன செய்வீங்கன்னு கேட்டாரு. நான் சொன்னேன், அது இருக்குற இடத்துல இருக்கட்டும் தம்பி. எனக்கும் என் பெண்டாட்டி ரோஸ்லிக்க போட்டோ ஒண்ணு உண்டு. அதையும் கொண்டு வரணும். உங்க அம்மைகிட்ட கேட்டாச்சு, சரின்னு சொல்லிட்டாங்க. ஓர் ஆணி அடிக்கணும், வீட்டுச் சுவருல எந்த எடத்துல அடிக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்னேன்."

அதைக் கேட்ட அண்ணன் இரண்டாவது சாயா சொன்னானாம். அது வருவதற்குள் உள்ளிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மணி மூன்று இருபது. மூன்றாவது சாட்சி எங்கே என்று அதிகாரி கேட்க, செல்வி அக்கா வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓட, எல்லோரும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்திருக்கிறான்.

"எனக்கு மனசு முழுசா சமாதானம் ஆயிட்டுன்னு நெனச்சுக்காத" என்றான் என்னிடம். "ஆளில்லாம அம்மை நிக்கது பாக்க முடியல்ல. அதான்."

"நான் வந்திருந்தா?"

"நீ எங்க வந்த?"

கையெழுத்துப் போடுவதற்காகவே கடல் தாண்டி வந்தவள் நான். என் கையெழுத்து அந்தப் பதிவேட்டில் இல்லை. அவன் கையெழுத்து இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏமாற்றம் வருவதில்லை. மேம்பாலத்தில் அச்சு முறிந்த அந்த லாரிக்காரருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

எல்லோருக்கும் நல்ல பசி. ஆனால் மாலை நான்கு மணிக்குத் தக்கலையில் எந்த ஓட்டலில் சாப்பாடு மிஞ்சியிருக்கும்? மூன்று ஓட்டல் ஏறி இறங்கினோம். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துச் சூடாகப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று பன்னிரண்டு ரூபாய். மாலையும் கழுத்துமாக அம்மா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பழம்பொரி சாப்பிட்டார். ஷாஜியையும் உட்கார வைத்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். அம்மாவின் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி கிட்டே வந்து, "எக்கா, என் பிளவுஸு எப்பம் கிட்டும்?" என்று கேட்டாள். "திங்கக்கிழமை வா" என்றார் அம்மா, வாயில் பழம்பொரியோடு.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தான். முதல் இடத்தில் சுவர் உதிர்ந்தது. இரண்டாவது இடத்தில் ஆணி வளைந்தது. மூன்றாவது இடத்தில் நின்றது, ரோஸ்லியின் போட்டோவை மாட்டினான். அம்மா தள்ளி நின்று பார்த்து, "கொஞ்சம் கோணலா இருக்கு" என்றார். மரியதாஸ், "இருக்கட்டு, அவளும் தலையைக் கொஞ்சம் சாய்ச்சுத்தான் நிப்பா" என்றார். அண்ணன் முதல்முறையாகச் சிரித்தான்.

சனிக்கிழமை மூவரும் என்னைத் திருவனந்தபுரம் வரை கொண்டுவந்து விட்டார்கள். அன்று மார்த்தாண்டம் பாலத்தில் வண்டிகள் தாராளமாக ஓடின. வாசலில் நின்று அம்மா கேட்டார், "உள்ள ஏறினா எவ்வளவு நேரத்துல அங்க எறங்குவா?"

"ஒண்ணேகால் மணி நேரம்மா."

"அவ்வளவுதானா? ஒரு லைனிங் பிளவுஸு வெட்டித் தைக்க எனக்கு அதைவிட நேரமாகும்." மரியதாஸின் பக்கம் திரும்பினார். "அடுத்த லீவுக்கு நாமளும் போய்ப் பாப்போமா?" அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. மரியதாஸும்தான். இருவரும் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் சோதனை வரிசையிலிருந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தீவில் பள்ளி உண்டு. எட்டாம் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் என் கையைப் பார்த்தார்கள். மருதாணி இன்னும் அழியவில்லை.

"கல்யாணமா மிஸ்? யாருக்கு?"

ஊரில் இந்தக் கேள்விக்கு எத்தனை முகங்களைப் பார்த்திருந்தேன்! அதனால் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்: "என் அம்மாவுக்கு."

ஒருவர் முகமும் மாறவில்லை. எங்கள் தீவில் மணமுறிவும் மறுமணமும் நாள்தோறும் நடக்கிறவை. முதல் வரிசையில் இருக்கும் ஆயிஷா, "எங்க அம்மாவுக்குப் போன வருஷம் நடந்தது மிஸ்" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "சாப்பாடு என்ன போட்டீங்க?" என்றாள். வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. இதுதான் அவர்களுக்கு முக்கியம்.

"பழம்பொரி. அப்புறம் டீ."

"அதோட?"

"அவ்வளவுதான்."

வகுப்பே அதிர்ந்துபோயிற்று. இப்படியும் ஒரு கல்யாணமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆயிஷா எழுந்து நின்று, என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்:

"அடுத்த தடவையாவது நல்ல சாப்பாடு போடச் சொல்லுங்க, மிஸ்."